பழைய டிரக்குக்குப் புதுக் கேம்ஷாஃப்ட்

எஞ்சின் சூடேறி ஐடிலிங்கில் நிற்கும்போது ஒரு பக்க வால்வு கவருக்கு அடியிலிருந்து 'டிக் டிக்' என்று சீராகச் சத்தம் வருகிறது. ராக்கர் நட்டை இறுக்கினால் அடங்குகிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பி வருகிறது. மறுபடி இறுக்குகிறார்கள், மறுபடி வருகிறது. பிறகு ஒரு நாள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கார்பரேட்டர் வழியாக 'பட்' என்று வெடிக்கிறது. 1970களின் செவ்ரலே பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை நன்றாகப் பழக்கம். ராக்கரில் குறை எதுவும் இருக்காது. அதற்குக் கீழே, எஞ்சினின் வயிற்றுக்குள், கேம்ஷாஃப்ட் தேய்ந்துகொண்டிருக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது செவ்ரலேயின் 350 கன அங்குல வி-8 எஞ்சின். லிட்டர் கணக்கில் 5.7. 'ஸ்மால் பிளாக்' என்று பெயர்பெற்ற இந்தக் குடும்பம் 1955-ல் 265 கன அங்குல எஞ்சினோடு தொடங்கியது. 350 வந்தது 1967-ல், கமாரோ காரில். விரைவிலேயே பிக்கப்புகளுக்கும் வந்தது. 1973 முதல் 1987 வரை தயாரான, பெட்டி போன்ற உடம்புள்ள சி-10 வண்டிகள் இன்று அமெரிக்காவில் பழைய வண்டிப் பிரியர்கள் அதிகம் கைவைப்பவற்றில் சேர்ந்தவை. முன்பக்கம் இடம் தாராளம். ரேடியேட்டரையும் கிரில்லையும் எடுத்துவிட்டால் எஞ்சினை இறக்காமலே கேம்ஷாஃப்ட்டை முன்பக்கமாக உருவிவிடலாம். கழற்றி மாட்டும் வேலை, ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு ஒரு வார இறுதிக்குள் அடங்கும். ஆனால் புதுக் கேம்ஷாஃப்ட் லட்சம் கிலோமீட்டர் உழைக்குமா, அரை மணியில் பாழாகுமா என்பது எஞ்சின் முதல்முறை உயிர்பெறும் இருபது முப்பது நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. அதற்கு முன்னால் செய்கிற ஒவ்வொரு வேலையையும் அந்த நிமிடங்களுக்கான ஏற்பாடாகப் பார்க்கிறவரே இதைச் சரியாகச் செய்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். வி வடிவில் சாய்ந்து நிற்கும் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, கிராங்கிற்கு நேர் மேலே, கேம்ஷாஃப்ட் ஐந்து பேரிங்குகளில் படுத்திருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று. அதன் மேல் முட்டை வடிவில் 16 மேடுகள் உண்டு. மெக்கானிக்குகள் லோப் என்பார்கள். ஒவ்வொரு லோப்பின் தலையிலும் ஒரு லிஃப்டர் உட்கார்ந்திருக்கிறது, 0.842 அங்குலம், அதாவது 21.4 மி.மீ. விட்டமுள்ள சிறிய உருளை. லோப் லிஃப்டரைத் தூக்க, லிஃப்டர் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராட் ராக்கரை அசைக்க, ராக்கரின் மறுமுனை வால்வைத் திறக்கிறது. லிஃப்டருக்குள் ஆயில் நிரம்பும் ஒரு சின்ன அறையும் பிளஞ்சரும் இருப்பதால் இடைவெளி தானாகவே சரியாகிக்கொள்ளும். ராக்கர்களுக்குப் போகிற ஆயிலும் இந்த லிஃப்டர் வழியாகத்தான், குழாயாக இருக்கிற புஷ்ராடுக்குள் ஏறிப் போகிறது.

இத்தனை அசைவிலும் மிகக் கடுமையான இடம் ஒன்று உண்டு. லோப்பின் மூக்கும் லிஃப்டரின் அடிப்பரப்பும் தொட்டுக்கொள்ளும் கோடு. வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தம், ராக்கர் வழியாக ஒன்றரை மடங்காகி, அந்த மெல்லிய கோட்டில் இறங்குகிறது. சதுர அங்குலத்துக்கு ஒரு லட்சம் பவுண்டை ஒட்டி வரக்கூடிய அழுத்தம் அது. எஞ்சினில் வேறெந்த இடத்திலும் இரும்பும் இரும்பும் இவ்வளவு நெருக்கத்தில் உராய்வதில்லை. பிறகு எப்படி அந்தப் பழைய எஞ்சின்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடின?

லிஃப்டர் சுழல்வதால்! தட்டையான லிஃப்டர் என்று சொல்கிறோமே, அதன் அடி உண்மையில் தட்டை இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு வெளிப்பக்கமாகக் குவிந்திருக்கும். லோப்பின் முகமும் நேராக இல்லை; ஓரத்துக்கு ஓரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு சரிவாகத் தீட்டியிருக்கும். லோப்பின் நடுக்கோடு லிஃப்டரின் நடுவிலிருந்து கொஞ்சம் விலகியும் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து, லோப் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் லிஃப்டரைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறது. அதனால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் முகம் முழுவதும் பரவுகிறது; உராய்வில் ஒரு பங்கு உருளலாக மாறுகிறது. லோப்பின் அதே சரிவு கேம்ஷாஃப்ட்டை எப்போதும் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருப்பதால், அதை முன்னால் வராமல் பிடிக்கத் தனித் தகடுகூட இந்த எஞ்சினுக்குத் தேவைப்படவில்லை.

இதைக் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு புது லிஃப்டர்களை எடுத்து, அடியோடு அடி ஒட்டி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் தொட்டு, ஓரங்களில் நூலிழைபோல ஒளி தெரியும். விரலால் அழுத்தினால் இலேசாக ஆடும். எஞ்சினிலிருந்து கழற்றிய தேய்ந்த லிஃப்டரை வைத்து இதையே செய்தால் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு நடுவில் வெளிச்சம் வரும். குவிவு குழிவாகிவிட்டது. குழிந்த லிஃப்டர் சுழலாது. சுழலாத லிஃப்டர் தன் லோப்பை உளிபோலச் செதுக்கும். பழைய லிஃப்டரைப் புதுக் கேம்ஷாஃப்ட்டின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது என்ற விதி இதனால்தான். பணத்தை மிச்சம் பிடிக்க இது இடமே இல்லை.

இந்தத் தேய்மானத்துக்கு வரலாறும் உண்டு. 1970களின் பின்பகுதியில் வந்த 305, 350 எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட்டும் லிஃப்டரும் காலத்துக்கு முன்பே தேய்கின்றன என்ற புகார்கள் குவிந்தன. 1983-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் ஜெனரல் மோட்டார்ஸ் செய்துகொண்ட உடன்பாடு, 1974 முதல் தயாரான அந்த எஞ்சின்களின் கேம்ஷாஃப்ட், லிஃப்டர் குறைகளையும் உள்ளடக்கியது. வண்டி வாங்கியவர்கள் நடுவர் முன்னால் போய் ஈடு கேட்க அதில் வழி செய்யப்பட்டது. ஆகவே உங்கள் டிரக்கில் லோப் தேய்ந்திருந்தால், முந்தைய சொந்தக்காரர் ஆயில் மாற்றாமல் விட்டதுதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் ஆயிலுக்குள் இருக்கிறது. துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த இசட்.டி.டி.பி. என்ற சேர்மானம், சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலமாகப் படிந்து, இரும்பு இரும்பைத் தொடாமல் காக்கிறது. அதே பாஸ்பரஸ் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2004-ல் வந்த எஸ்.எம். என்ற எஞ்சின் ஆயில் தரத்தில், 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குப் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வந்தது. லிஃப்டரின் முனையில் உருளை வைத்த புதிய எஞ்சின்களுக்கு அது போதும். தட்டை லிஃப்டருக்கு, அதுவும் இன்னும் பழகாத புதுக் கேம்ஷாஃப்ட்டுக்கு, அது போதாது. இன்று கடையில் முதலில் கைக்கு வருகிற கார் ஆயிலை ஊற்றிப் புது லோப்பை இழந்தவர்கள் நிறையப் பேர்.

கழற்றுவதற்கு முன் நோயை உறுதிசெய்துகொள்ளுங்கள். வால்வு கவர்களை எடுத்துவிட்டு, ராக்கரைத் தளர்த்தி ஒதுக்கி, புஷ்ராடின் தலையில் டயல் கேஜை நிறுத்தி, கிராங்கைக் கையால் சுற்றினால் அந்த லோப் எவ்வளவு தூக்குகிறது என்பது தெரியும். இந்த எஞ்சின்களில் பரவலாக இருந்த சாதாரணக் கேம்ஷாஃப்ட்டில் லோப் தூக்கும் உயரம் இன்லெட்டுக்கு 0.260 அங்குலம், எக்ஸாஸ்ட்டுக்கு 0.273. ராக்கர் ஒன்றரை மடங்கு ஆக்குவதால் வால்வில் அது 0.390, 0.410 அங்குலமாகிறது; ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர். பதினாறையும் அளந்து எழுதுங்கள். பதினைந்து ஒத்துப்போய் ஒன்று மட்டும் பாதியாக நின்றால் சந்தேகமே வேண்டாம். கார்பரேட்டரில் வெடிப்பது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் லோப் தேய்ந்ததன் அடையாளம்: எரிந்த வாயு வெளியேற வழியில்லாமல் சிலிண்டரிலேயே தங்கி, இன்லெட் வால்வு திறந்ததும் மேல்பக்கமாகப் பாய்கிறது.

லோப் தேய்ந்தது உறுதியானால் அடுத்து ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த இரும்பு எங்கே போயிற்று? பொடியாகி ஆயிலோடு கலந்து, சம்ப்பின் அடியிலும் பம்ப்பிலும் பேரிங்குகளிலும் இருக்கிறது. ஒரு லோப் முழுதாகக் கரைந்திருந்தால் சம்ப்பைக் கழற்றிக் கழுவி, ஆயில் பம்ப்பைத் திறந்து பார்த்து, இரண்டு மூன்று பேரிங் மூடிகளையாவது எடுத்து முகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நேர்மையான வேலை. இதைத் தவிர்த்து, இரும்புப் பொடி சுற்றும் எஞ்சினுக்குள் புதுக் கேம்ஷாஃப்ட்டை ஏற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தக் கேம்ஷாஃப்ட் வாங்குவது? விற்பனைப் பட்டியலில் அதிக உயரம் தூக்குபவையும் நீண்ட திறப்பு கொண்டவையும் கண்ணைப் பறிக்கும். ஐடிலிங்கில் 'கட கட' என்று குலுங்கும் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. டிரக்குக்கு அது பொருந்தாது. சுமையை இழுக்கும் வண்டிக்குக் குறைந்த சுற்றில் விசை வேண்டும்; நீண்ட நேரம் திறந்திருக்கும் வால்வு அதைத்தான் முதலில் பறிக்கிறது. இன்லெட்டில் வெற்றிடம் குறைந்து பிரேக் பூஸ்டரும் பலவீனமாகும். பழைய அளவிலேயே, அல்லது அதற்கு ஒரு படி மேலாக மட்டும் எடுத்தால் போதும். வசதி இருப்பவர்கள் ரோலர் லிஃப்டருக்கு மாறலாம். முதல் இருபது முப்பது நிமிடம் பழக்கும் சடங்கே அதில் இல்லை, ஆனால் செலவு பல மடங்கு. செவ்ரலே கார்களின் ஸ்மால் பிளாக்குக்கு 1987-லேயே ரோலர் வந்துவிட்டது. டிரக்குகளில் பெரும்பாலும் 1995 வரை தட்டை லிஃப்டர்தான்.

கழற்றும் வேலையை வேகமாகச் சொல்லிவிடலாம். பேட்டரியைத் துண்டித்து, முதல் சிலிண்டர் அமுக்கத்தின் உச்சியில் நிற்கும்படி கிராங்கை வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டார் எங்கே பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை வடிக்கும்போது பிளாக்கின் இரு பக்கத்துத் திருகுகளையும் திறந்து வடித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கும்போது மிச்சத் தண்ணீர் நேராக லிஃப்டர்களின் மேல் விழும். ஃபேன், ரேடியேட்டர், கிரில், வாட்டர் பம்ப், கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், மேனிஃபோல்டு என்று வரிசையாக வெளியே வரும். கிராங்கின் முன்னால் உள்ள பேலன்சரைப் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதன் நடுக் குடத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது. வெளி வளையத்தைப் பிடித்து இழுத்தாலோ சுத்தியால் தட்டினாலோ ரப்பர் பிய்ந்து, டைமிங் குறி இடம் மாறிவிடும். பெட்ரோல் பம்ப்பைக் கழற்றியதும் அதன் தள்ளுகோலையும் உருவி எடுத்துவிடுங்கள். அது கேம்ஷாஃப்ட்டின் மேல் உட்கார்ந்து வழியை மறிக்கும்.

டைமிங் கவரைத் திறந்ததும் செயினும் இரண்டு பற்சக்கரங்களும் தெரியும். பழைய எஞ்சின்களில் மேல் சக்கரம் அலுமினியத்தில் செய்து, பற்களுக்கு நைலான் போர்த்தியதாக இருக்கலாம். சத்தத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. வயதானால் நைலான் வெடித்து, துண்டு துண்டாக உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். பற்கள் முழுதாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் அதைத் திரும்ப மாட்டாதீர்கள். முழு இரும்பில் செய்த சக்கரங்களும் புதுச் செயினும் அதிக விலையில்லை.

லிஃப்டர்களை மேலிருந்து காந்தத்தாலோ அதற்கான கொக்கியாலோ தூக்கலாம். சில எளிதாக வரும். சில ஆயில் கறை இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். கார்பரேட்டர் கிளீனரைச் சுற்றிலும் பீய்ச்சி, இடமும் வலமும் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். அடிப்பாகம் காளான் தலைபோல விரிந்துபோன லிஃப்டர் மட்டும் மேலே வராது. பலம் காட்டி இழுத்தால் அதன் ஓரம் பிளாக்கின் துளையைக் கீறிவிடும். அந்தத் துளையில் புது லிஃப்டர் சுழல மறுக்கும். அப்படிப்பட்டதைக் கேம்ஷாஃப்ட் வெளியேறிய பிறகு கீழ்ப்பக்கமாகத் தள்ளி சம்ப்பின் வழியாக எடுக்க வேண்டும்.

கேம்ஷாஃப்ட்டை உருவுவதில் அவசரம் கூடாது. அதன் முன்முகத்தில் பற்சக்கரத்தைப் பிடித்திருந்த மூன்று துளைகளிலும் நீளமான 5/16 அங்குல போல்ட்டுகளைத் திருகினால் கைப்பிடி கிடைக்கும். இந்த எஞ்சினில் ஐந்து பேரிங்குகளும் ஒரே விட்டம். அதனால் ஒவ்வொரு லோப்பும் வெளியே வரும் வழியில் எல்லா பேரிங்கையும் கடக்கிறது. ஒன்றில் இடறினாலும் மென்மையான பேரிங் உலோகம் கீறிப்போகும். ஒரு கையால் முன்னால் பிடித்து, இன்னொரு கையை மேலே லிஃப்டர் பள்ளத்தின் வழியாக விட்டுத் தாங்கி, சுழற்றிச் சுழற்றி வெளியே கொண்டுவர வேண்டும்.

புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் துரு பிடிக்காமல் பூசியிருக்கும் பூச்சைக் கழுவித் துடையுங்கள். லோப்களின் மேல் இருக்கும் கறுப்பு நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். ஆயிலைப் பிடித்துவைக்கும் பாஸ்பேட் பூச்சு அது. பேரிங் பகுதிகளுக்குச் சாதாரண ஆயில். லோப்களுக்கும் லிஃப்டர் அடிகளுக்கும், கூடவே டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் பற்களுக்கும், கேம்ஷாஃப்ட்டோடு வரும் கறுப்பு மாலிப்டினம் பசையை ஒரு புள்ளி விடாமல் தாராளமாகப் பூச வேண்டும். ஸ்டார்ட் ஆகும் முதல் நொடிகளில் ஆயில் வந்து சேர்வதற்கு முன் லோப்பைக் காப்பது இந்தப் பசை ஒன்றே. பிறகு உருவிய அதே பொறுமையோடு உள்ளே ஏற்றுங்கள். கடைசி விரற்கடையில் வேகமாகத் தள்ளினால் பின்னால் உள்ள மூடி பெயர்ந்து, கியர் பாக்ஸ் பக்கமாக ஆயில் ஒழுகத் தொடங்கும்.

செயினை மாட்டும்போது மேல் சக்கரத்தின் புள்ளி கீழே பார்க்கவும், கிராங்க் சக்கரத்தின் புள்ளி மேலே பார்க்கவும் இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். மூன்று போல்ட்டுகளுக்கும் 20 அடி-பவுண்டு முறுக்கு போதும். இந்த இடத்தில்தான் மிக அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். புள்ளிகள் இப்படிச் சந்திக்கும்போது பிஸ்டன் உச்சியில் நிற்பது முதல் சிலிண்டரில்தான். ஆனால் தீப்பொறி வாங்கத் தயாராக இருப்பது ஆறாவது சிலிண்டர். எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. அதில் ஒன்றுக்கு நேர் எதிரே ஆறு நிற்பதைப் பாருங்கள். இதை மறந்து, ரோட்டாரை ஒன்றாம் ஒயருக்கு நேராக வைத்து டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினால் எஞ்சின் பிடிக்காது. கார்பரேட்டரில் தீ கக்கும். ஏன் என்று புரியாமல் ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த மெதுவான சுற்றில் லோப்பின் மேலிருந்த பசை வழிக்கப்பட்டுப் போய்விடும். எஞ்சின் கடைசியில் பிடிக்கும்போது காவல் எதுவும் மிச்சமிருக்காது. ஆகவே செயினைப் பூட்டியதும் கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டால் முதல் சிலிண்டர் தீப்பொறிக்குத் தயாராகிவிடும்.

லிஃப்டர்களை ஆயிலில் முக்கி, ஒவ்வொன்றாகத் துளையில் விடுங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுக்கமாகப் போனால் லிஃப்டரைத் தேய்க்கக் கூடாது, துளையின் விளிம்பில் இருக்கும் பிசிறை எடுக்க வேண்டும். புஷ்ராடுகளும் ராக்கர்களும் ஏறிய பிறகு, ஸ்பிரிங்கின் எடை லிஃப்டர்மேல் இருக்கும் நிலையில், ஒவ்வொரு லிஃப்டரின் தலையிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். எல்லாக் கோடுகளும் கொஞ்சமாவது திசை மாறியிருக்க வேண்டும். மாறாத ஒன்று இருந்தால் அதை அப்படியே விட்டு மேனிஃபோல்டை மூடாதீர்கள். பழுது நடப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும் ஒரே தருணம் இது. கட்டுரை முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இந்த மார்க்கர் கோட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ராக்கர் நட்டுகளை இறுக்குவதற்கு ஒழுங்கு இருக்கிறது. முதல் சிலிண்டர் தீப்பொறி நிலையில் நிற்கும்போது 1, 3, 4, 8 ஆகியவற்றின் எக்ஸாஸ்ட்டையும் 1, 2, 5, 7 ஆகியவற்றின் இன்லெட்டையும் வைக்கலாம். கிராங்கை ஒரு சுற்று சுற்றி ஆறாவதைக் கொண்டுவந்தால் மீதி எட்டும். நட்டை மெல்ல இறக்கிக்கொண்டே புஷ்ராடை மேலும் கீழும் அசையுங்கள். அந்த ஆட்டம் நிற்கும் இடமே பூஜ்யம். புஷ்ராடைச் சுற்றிப் பார்த்துத் தடை வருகிறதா என்று தேடுவது பலருடைய வழக்கம். புது லிஃப்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் மென்மையானது என்பதால், விரலுக்குத் தடை தெரிவதற்குள் பிளஞ்சர் பாதி இறங்கிவிடும். பூஜ்யத்திலிருந்து அரைச் சுற்று முதல் முக்கால் சுற்று போதும். செவ்ரலேயின் பழைய கையேடு ஒரு முழுச் சுற்று சொல்கிறது, அதிலும் ஓடும்.

மேனிஃபோல்டின் முன்னும் பின்னும் வைக்க கேஸ்கட் செட்டோடு வரும் கார்க் பட்டைகளை ஒதுக்கிவிட்டு, சிலிகான் பசையை ஆறு மி.மீ. கனத்துக்கு இழுத்துவிடுவது மேல். பட்டைகள் நாளடைவில் நழுவும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 30 அடி-பவுண்டுக்குச் சமமாக இறுக்குங்கள்.

இனி ஆயில். தட்டை லிஃப்டரைப் பழக்குவதற்கென்றே துத்தநாகம் கூடுதலாகச் சேர்த்த 'பிரேக்-இன்' ஆயில் கிடைக்கிறது. அதை ஊற்றிப் புது ஃபில்டரைப் போடுங்கள். எஞ்சின் ஓடுவதற்கு முன்பே ஆயிலை எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட வேண்டும். இந்த எஞ்சினில் பம்ப்பை ஓட்டுவது டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு. அதனால் பல்லை நீக்கிய ஒரு பழைய டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி, டிரில்லால் வலப்பக்கமாகச் சுற்றினால் பம்ப் வேலை செய்யும். வெறும் கம்பியை விட்டுச் சுற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் வலப்பக்க லிஃப்டர்களுக்குப் போகும் ஆயில் வழியின் ஒரு சுவராக இருப்பதே டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்புதான். அது இல்லாவிட்டால் ஆயில் அந்த இடத்திலேயே வழிந்துவிடும், லிஃப்டர்களுக்கு ஏறாது. பம்ப் பிடித்ததும் டிரில் திணறத் தொடங்கும். பிரஷர் முள் எழும். பதினாறு ராக்கரிலும் ஆயில் கசிவதைக் கண்ணால் பார்க்கும் வரை விடாதீர்கள்.

உண்மையான டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும்போது கிராங்கை உச்சிக்குப் பத்து, பன்னிரண்டு டிகிரி முன்னால் நிறுத்தி, ரோட்டாரை ஒன்றாம் ஒயருக்குப் பார்க்க வையுங்கள். ரேடியேட்டர் நிரம்பியிருக்கிறதா, கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறதா, பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி வெளியில், காற்றோட்டத்தில் நிற்க வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய ஃபேன் ஒன்று இருந்தால் நல்லது. முதல் தட்டிலேயே எஞ்சின் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

பிடித்தவுடன் ஐடிலிங்கில் விடாதீர்கள். நேராக 2,000 சுற்றுக்குக் கொண்டுபோய், 2,000-க்கும் 2,500-க்கும் நடுவே ஏற்றி இறக்கி, இருபது நிமிடம் முதல் அரை மணி வரை ஓட்டுங்கள். லோப்களுக்கென்று தனி ஆயில் குழாய் கிடையாது. கிராங்க் சுழன்று வீசியெறியும் ஆயில்தான் அவற்றை நனைக்கிறது. ஐடிலிங்கில் அந்த வீச்சு போதாது. மெதுவான சுற்றில் ஸ்பிரிங்கின் முழு விசையும் லோப்பின் மூக்கில் இறங்கும். வேகம் கூடினால் திறக்கும் வால்வின் உந்தம் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ரெட்டை ஸ்பிரிங் வைத்த ஹெட்டாக இருந்தால், பழக்கும் வரை உள் ஸ்பிரிங்கை எடுத்துவிடுவது இதே காரணத்துக்காகத்தான். நடுவில் தண்ணீர் ஒழுகினாலோ சூடு ஏறினாலோ மெதுவாக இறக்கிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். உடனே அணைத்து, சரிசெய்து, மறுபடி ஸ்டார்ட் செய்து நேராக 2,000-க்கே போய் மீதி நிமிடங்களை முடியுங்கள்.

முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் சூட்டோடு மாற்ற வேண்டும். கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் போடாமல் வெட்டித் திறந்து, உள்ளே மடித்திருக்கும் காகிதத்தை விரித்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். பசையின் கறுப்பு இருக்கும். சாம்பல் நிறத்தில் ஒன்றிரண்டு மினுமினுப்பும் இருக்கலாம். காந்தத்தை அருகே கொண்டுபோனால் கொத்தாக ஒட்டுகிற இரும்புத் தூள் இருந்தால் வால்வு கவரைத் திறந்து டயல் கேஜை மறுபடி வைக்க வேண்டும். சுத்தமாக இருந்தால் அதே துத்தநாக ஆயிலில் 800 கிலோமீட்டர் ஓட்டி, இன்னொரு முறை மாற்றி, அதன் பிறகு பழைய எஞ்சின்களுக்கென்று விற்கும் ஆயிலுக்கு மாறிக்கொள்ளலாம். வால்வு ஸ்பிரிங்குகளை இன்னும் கடினமானதாக மாற்றும் எண்ணம் இருந்தால் அதை அந்த 800 கிலோமீட்டர் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.